நிறுத்திவிட்டுப் போன வண்டி

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியதும் முதலில் வந்தது நெடிதான். புதுப் பெட்ரோலின் வாசம் சுள்ளென்று மூக்கில் ஏறி அடுத்த நொடியே மறைந்துவிடும். பழையதின் நெடி அப்படிப் போகாது. புதுக் கதவுக்கு அடித்த வார்னிஷ் மாதிரி தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். கிண்ணத்தின் அடியில் கடுந்தேநீர் நிறத்தில் ஒரு பசை. பித்தளை ஜெட்டுகளைச் சுற்றிக் குத்துவிளக்கில் பிடிப்பது போலப் பச்சைக் களிம்பு. ஃப்ளோட் ஊசி அதன் இடத்திலேயே ஒட்டிக் கிடந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் பட்டறை வாசலில் துண்டால் முகம் துடைத்தபடி நின்றார். மகன் 2020 பிப்ரவரியில் சிங்கப்பூர் போனவர். போன மறுமாதமே ஊரடங்கு. ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து, 2022 கோடையில்தான் ஊருக்கு வருகிறார். அதற்குள் வண்டியைச் சரிசெய்துவிட வேண்டும்.

"வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுவேன் தம்பி. ஒரு வாரம்கூடத் தவறினதில்ல. போன ஆவணியோட உதைச்சுப் பாத்தேன், அசையவே மாட்டேன்னுடுச்சு. அப்பவும் வாரா வாரம் துடைச்சுத்தான் வச்சிருந்தேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. வண்டியின் மேல் ஒரு தூசி இல்லை. டேங்கில் முகம் பார்க்கலாம். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே செம்மண் பூமி.

அறந்தாங்கிப் பக்கம் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்தக் காட்சி வருஷத்துக்குப் பத்து முறை வரும். இங்கே சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்று ஆள் போகாத தெரு இல்லை. போகிறவர் முதலில் வாங்கிய பெரிய பொருள் பெரும்பாலும் வண்டிதான். அதை விற்க மனம் வராது. "நான் வந்து ஓட்டுவேன், விட்ருங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொள்வார்கள். கெடுவது அந்தப் பாசத்தில்தான். முப்பது வருஷமாக இதைப் பார்த்து வருகிறேன், இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

அந்த அஞ்சு நிமிஷத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பலருக்கு நம்பிக்கை வராது. பனிக்காலக் காலையில் சைலன்சர் முனையில் சொட்டுகிறதே, அது இந்தத் தண்ணீர்தான். வண்டி ஓடிச் சூடேறினால் அத்தனையும் ஆவியாகவே வெளியே போய்விடும். அஞ்சு நிமிஷம் நின்ற இடத்தில் ஓடிய என்ஜினில் சைலன்சர் முழுசாகச் சூடேறுவதே இல்லை. ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி, தகட்டைத் தின்னும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் புகை என்ஜின் ஆயிலில் கலந்து அங்கேயும் ஈரம் சேர்க்கும். ஆயில் நன்றாகக் கொதித்தால்தான் அந்த ஈரம் கிளம்பும். நின்ற இடத்தில் அது வெதுவெதுப்பாவதோடு சரி. பெரியவர் தள்ளி வந்த ஸ்ப்லெண்டரில் ஆயில் போல்ட்டைத் திறந்தபோது, பால் ஊற்றிய டீ மாதிரிதான் வந்தது. ஒன்றரை வருஷத்து வெள்ளிக்கிழமைகள் அதில் இருந்தன.

இதைப் பெரியவரிடம் அப்படியே சொல்ல முடியவில்லை. "ஈரம் சேந்திருக்குங்கய்யா" என்று மட்டும் சொன்னேன்.

நான் தொழில் கற்றது 1992 வாக்கில், புதுக்கோட்டையில். யமஹா ஆர்எக்ஸ் 100-ம் ஹீரோ ஹோண்டா சிடி 100-ம் ரோட்டை ஆண்ட காலம். எங்கள் முதலாளி அதிகம் பேச மாட்டார். வெளிநாடு போகிறவர் வண்டியைக் கொண்டுவந்தால் அவர் செய்வது ரெண்டே வேலை. ஒன்று, டேங்கைக் கழுத்து வரை நிரப்புவார். ரெண்டு, பெட்ரோல் காக்கை மூடிவிட்டுக் கார்புரேட்டரின் அடி ஸ்க்ரூவைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடிப்பார். "காத்துக்கு எடம் குடுக்காத. காத்து வந்தா தண்ணி வரும்" என்பார். பாதி டேங்கில் மீதிப் பாதி காற்று. பகலில் சூட்டில் விரியும், ராத்திரி குளிரில் சுருங்கும். மூடியில் இருக்கும் ஊசித் துளை வழியாக டேங்க் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் ஈரம். மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கத்து வண்டிகளுக்கு அந்த மூச்சில் கடல் உப்பும் சேர்ந்து வரும். நிரம்பிய டேங்குக்கு மூச்சுவிட இடமில்லை, துருவும் இல்லை. அந்த நாளில் அது சரியான வைத்தியம். ஒரு வருஷம் கழித்து வந்தாலும் வண்டி கிளம்பிவிடும்.

பெட்ரோல் மாறியதும் வைத்தியமும் மாற வேண்டியிருந்தது. இதை நான் உணரவே சில வருஷம் ஆனது. முதலாளி சொன்னபடி கழுத்து வரை நிரப்பி நிறுத்திய வண்டிகள் ஒவ்வொன்றாகக் காக் பக்கம் துருவோடு வந்தன. மேலே பளபளப்பு, அடியில் மட்டும் அரிப்பு. காரணம் எத்தனால். 2022-ல் நாடு முழுவதும் பெட்ரோலில் பத்து சதவீதம் கலந்தாயிற்று. 2023-லிருந்து இருபது சதவீதம் வர ஆரம்பித்தது. இன்றைக்குப் பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். எத்தனால் கெட்டதென்று நான் சொல்லவில்லை. தினமும் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் டேங்கில் தங்கும் நேரமே ஒரு வாரம். நிற்கும் வண்டிக்குத்தான் அது வேறு கணக்கு.

எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் ஆசை. காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். பத்து சதவீதம் கலந்த ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 5 மில்லி தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்திருக்கும், ஒரு டீஸ்பூன் அளவு. அதற்கு மேல் போனால் தாங்காது. திடீரென்று பிரியும். எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் போய்ப் படியும், மேலே வெறும் பெட்ரோல் நிற்கும். மழை முடிந்து மார்கழிக் குளிர் வரும்போது தாங்கும் அளவு இன்னும் குறையும். படிந்த தண்ணீர் எங்கே நிற்கிறது? டேங்கின் ஆகத் தாழ்ந்த இடத்தில், பெட்ரோல் காக்கின் வாயருகே. அங்கேதான் துரு, அங்கிருந்துதான் கார்புரேட்டருக்குள் வழி. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

அதனால் இப்போது கார்புரேட்டர் வண்டிக்கு என் வழி இதுதான். மூன்று மாசத்துக்குள் என்றால் புதுப் பெட்ரோல் நிரப்பி, காக்கை மூடி, கார்புரேட்டரை மட்டும் வடித்தால் போதும். அதற்கு மேல் என்றால் டேங்கில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது.

போகிறவர் முதல் நாள் சாயங்காலம் வண்டியை ஓட்டியே வர வேண்டும் என்று சொல்லிவிடுவேன். பத்து இருபது கிலோமீட்டர் ஓடி என்ஜின் சூடாக இருக்கும்போதுதான் பழைய ஆயில் முழுசாக வடியும். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அதை ரெண்டு வருஷம் உள்ளே விட்டால் பேரிங்கோடு சேர்ந்து ஊறும். ஸ்ப்லெண்டருக்கு 900 மில்லி புது ஆயில். "வந்து மாத்திக்கிறேண்ணே, எதுக்கு இப்பச் செலவு" என்று கேட்காதவர் இல்லை. வந்த பிறகும் ஒருமுறை மாற்றத்தான் வேண்டும் என்று சொன்னால் முகம் சுருங்கும். இந்த இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அடுத்து டேங்க். கழற்றி, காக்கையும் கழற்றிக் கவிழ்த்து, முழுசாக வடித்து, நிழலில் காற்றாட வைப்பேன். வடித்த பெட்ரோலை அன்றைக்கே இன்னொரு ஓடுகிற வண்டியில் ஊற்றிவிட வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பிடித்து வீட்டு மாடத்தில் வைக்கிற பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் உண்டு. குழந்தைகள் நடமாடுகிற, அடுப்பு எரிகிற வீட்டில் அதைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். காலி டேங்கும் அப்படித்தான். பெட்ரோல் போன பிறகு அதில் நிறைந்திருப்பது ஆவி; நிரம்பிய டேங்கைவிட அதற்குத்தான் தீப்பற்ற அவசரம். காய்ந்த பிறகு இருநூறு மில்லி புது ஆயில் ஊற்றி, டேங்கைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்தி எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துச் சுற்ற வேண்டும். உள்தகடு முழுக்க ஒரு மெல்லிய பூச்சு ஏறும். மிச்சத்தை வடித்துவிட்டு மூடியைப் போட்டுவிடலாம்.

கார்புரேட்டரில் பலர் ஒரு தப்புச் செய்கிறார்கள். காக்கை மூடிவிட்டு, வண்டி தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் காலியாகிவிட்டதென்று நினைக்கிறார்கள். ஜெட் உறிஞ்சும் மட்டத்துக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தங்கும். அந்தக் கொஞ்சம்தான் பின்னால் பசையாகிறது. பெட்ரோலில் லேசான பகுதி பறந்துபோய், மீதி காற்றோடு சேர்ந்து கெட்டிப்பட்டு ஒரு பிசினாகிவிடும். பைலட் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அதை அடைக்க எவ்வளவு பிசின் வேண்டும்? வண்டி கிளம்பாததற்கு, கிளம்பினாலும் ஐடிலில் நிற்காததற்கு, பத்துக்கு எட்டு இதுதான். அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்தால் இத்தனை துன்பமும் இல்லை. ரெண்டு நிமிஷ வேலை.

பிறகு பிளக். கழற்றி, ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில். ஸ்ப்லெண்டரில் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த வாக்கில் இருப்பதால் கரண்டியால் ஊற்ற முடியாது. மருந்துக்கடை சிரிஞ்சில் மெல்லிய டியூப் மாட்டித்தான் ஏற்றுவேன். மெதுவாக நாலைந்து கிக். சிலிண்டர் சுவரெல்லாம் ஆயில் பரவும்.

இந்தக் கிக் அடிக்கும் முன்னால் சாவியை எடுத்துவிட வேண்டும். என் இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. தொழிலுக்கு வந்த ரெண்டாம் வருஷம், சாவி ஆனில் இருக்க, பிளக்கைக் கேப்போடு என்ஜின் மேலேயே போட்டுவிட்டுக் கிக் அடித்தேன். ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சியது, பிளக் பொறி விட்டது. முதலாளி அருகில் வாளியில் மணல் வைத்திருந்ததால் வண்டியும் நானும் பிழைத்தோம். அன்றைக்கு அவர் என்னைத் திட்டவில்லை. மருந்து போட்டுவிட்டு, வாளியில் மறுபடி மணல் நிரப்பி வைக்கச் சொன்னார். இன்றும் என் பட்டறையில் அந்த வாளி உண்டு. பையன்கள் யாரையும் சாவி மாட்டிய வண்டியில் பிளக் கழற்ற விட மாட்டேன்.

ஆயில் பரவியதும் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுவேன், பிளக் ஓட்டையில் விரல் வைத்தபடி. காற்று விரலைத் தள்ளும். தள்ளி முடிகிற இடத்தில் நிறுத்துவேன். அந்த இடத்தில் ரெண்டு வால்வும் மூடியிருக்கும். ஈரக்காற்று உள்ளே போகக் கதவு இல்லை. வால்வு திறந்த நிலையில் நின்ற என்ஜினைப் பிரித்தால் சிலிண்டரில் ஒரு இடத்தில் மட்டும் வளையம் போலத் துரு இருக்கும், ரிங் தங்கிய இடம். அதைத் தேய்த்து எடுத்தாலும் அந்த வண்டி பிறகு ஆயில் குடிக்கும்.

சைலன்சர் வாயில் எண்ணெய்த் துணி. இது குளவிக்காக. ஒரு மாசம் ஓடாத வண்டியின் எந்தத் துளையும் குளவிக்கு வீடுதான். டேங்க் மூடியின் காற்றுத் துளையில்கூட மண் அப்பிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். அது அடைந்தால் பெட்ரோல் இறங்காது. வண்டி ரெண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும், மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். எலிக்கு ஒயர். எலிக்கு நான் கண்ட ஒரே மருந்து, வண்டியை நெல் மூட்டைக்கும் விறகுக்கும் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பதுதான்.

சென்டர் ஸ்டாண்டு, ரெண்டு டயரிலும் முழுக் காற்று, முன்சக்கரம் தரை தொடாமல் அடியில் ஒரு மரக்கட்டை, செயினை மண்ணெண்ணெயில் கழுவித் தொண்ணூறு ஆயில். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. மூடுவதில்தான் தவறுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு தார்ப்பாய் கிடந்தது. கூரை சரிசெய்ததும் அந்தத் தார்ப்பாய்களெல்லாம் வண்டிகளின் மேல் ஏறின. அடுத்த வருஷம் வந்த வண்டிகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. தரை ஈரம் ஏறி, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வெந்து, ஸ்போக்கும் ரிம்மும் பொரிந்துபோயிருந்தன. பழைய நூல் புடவை ரெண்டை மடித்துப் போர்த்தினால் போதும். அது தூசியைத் தடுக்கும், மூச்சும் விடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் கார்புரேட்டரே அநேகமாக இல்லை, எல்லாம் ஃப்யூல் இன்ஜெக்ஷன். அவற்றுக்கு மேலே சொன்ன டேங்க் வைத்தியம் பொருந்தாது. மோட்டார் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. அதற்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் பெட்ரோல்தான். வறண்ட டேங்கில் சாவியைப் போட்டுப் போட்டுப் பார்த்தால் பம்ப் போய்விடும், விலையும் அதிகம். ஆறு மாசம் வரை என்றால் புதுப் பெட்ரோல் நிரப்பி, ஸ்டெபிலைசர் அளவு பார்த்து ஊற்றி, பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்தச் சொல்வேன். ஓட்டினால்தான் மருந்து கலந்த பெட்ரோல் இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். கெட்ட பெட்ரோலில் அந்த மருந்தை ஊற்றி நல்லதாக்க முடியாது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் என்றால் என் பதில் வேறு. தம்பியோ மச்சானோ பதினஞ்சு நாளுக்கு ஒரு முறை இருபது கிலோமீட்டர் ஓட்டட்டும். ஓட்ட ஆளில்லை என்றால் விற்றுவிட்டுப் போங்கள். இதைச் சொன்னதற்கு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டதும் உண்டு. அந்த வண்டியை ரெண்டு வருஷம் வைத்துக் காப்பாற்றித் தருகிறேன் என்று என்னால் வாக்குத் தர முடியாது.

எல்லாம் முடிந்ததும் ஹேண்டில்பாரில் ஒரு அட்டை கட்டுவேன். தேதி, டேங்கில் பெட்ரோல் இல்லை, சைலன்சரில் துணி இருக்கிறது, பிளக் ஓட்டையில் ஆயில் விட்டிருக்கிறது, யாரும் உதைக்க வேண்டாம். அட்டை இல்லாத காலத்தில் ஒரு மச்சான் துணியை எடுக்காமல் அரை மணி நேரம் கிக் அடித்திருக்கிறார்.

பெரியவரின் வண்டிக்கு நாலு நாள் ஆனது. டேங்கில் புளி கரைத்து ஊற்றி, பழைய நட்டு, துண்டுச் செயின் போட்டு ஆட்டி ஆட்டித் துருவை எடுத்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து உடனே ஆயில் பூசினேன். பூசாமல் ஒரு ராத்திரி விட்டால் மறுபடி செம்மண்தான். ஜெட்டுகளைக் க்ளீனரில் ஊறவைத்து, மின் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் துளை திறந்தேன். இரும்புக் கம்பி விட்டால் துளை அகண்டுவிடும். க்ளட்ச் ப்ளேட் ஒட்டியிருந்ததால் கியரில் போட்டு, க்ளட்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டி விடுவித்தேன். சிலிண்டர் தப்பியிருந்தது. அஞ்சாம் நாள் ஒன்பதாவது கிக்கில் கிளம்பியது. பெரியவர் சைலன்சர் பக்கம் கையை நீட்டிப் புகையின் சூட்டைப் பார்த்தார்.

மகன் வந்து ரெண்டு மாசம் ஓட்டினார். திரும்பப் போகிறதுக்கு முதல் நாள் சாயங்காலம் அப்பாவும் பிள்ளையுமாக அதே வண்டியில் வந்தார்கள். நான் வடிப்பது, பூசுவது, அட்டை எழுதுவது எல்லாவற்றையும் பெரியவர் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் கேட்டார்.

"அப்ப நான் ஒண்ணுமே செய்யக் கூடாதா தம்பி?"

எனக்கு என்ன சொல்வதென்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு பேட்டரியைக் கழற்றி, மைனஸை முதலில், அவர் கையில் கொடுத்தேன். பேட்டரி சும்மா இருந்தாலும் தானாக இறங்கும், நம்மூர் வெயிலில் இன்னும் வேகமாக. 12.4 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் உப்புப் பூத்துச் செத்துப்போகும். மாசம் ஒரு முறை சார்ஜ் ஏற வேண்டும், அதுவும் மெதுவாக. "இதை மட்டும் நீங்கதான் பாக்கணும்ங்கய்யா. மாசத்துல ஒரு நாள் எங்கிட்ட கொண்டாந்துருங்க. முன்சக்கரத்தையும் அப்பப்பக் கையால ஒரு சுத்துச் சுத்தி விடுங்க."

அதிலிருந்து மாசத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் பக்கம் பஸ் இறங்கி, மஞ்சப்பையில் பேட்டரியோடு வருவார். பையை மேசையில் வைத்துவிட்டு மீட்டரைத்தான் முதலில் பார்ப்பார். போன மாசம் 12.5 காட்டியது. முள்ளைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வந்திருந்தார்.